தடம் போதும்

கைபேசி ஒட்டுக் கேட்கிறதா?

மொன்றியலில் கோட்-தே-நெய்ஜ் பக்கம் ஒரு தமிழ் வீடு. இரவுச் சாப்பாட்டின்போது பேச்சு குளியலறைக் குழாய்க்குப் போகிறது. ஒழுகுகிறது, மாற்ற வேண்டும். மறுநாள் காலை மகளின் கைபேசியில் குழாய் விளம்பரம் வந்து நிற்கிறது. "நாங்கள் கதைச்சதை இது கேட்டுக்கொண்டுதான் இருக்குது" என்கிறார் அம்மா.

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஸ்கார்பரோவிலும் இதே சந்தேகத்தோடு கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் ஏராளம். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளை எடுத்து, அவை வெளியே எதை அனுப்புகின்றன என்று ஆராய்ந்தார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து ஒலியை அனுப்பிய செயலி ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் வேறொன்று அகப்பட்டது. பயனர் திரையில் செய்வதையெல்லாம் படமாகப் பிடித்து மூன்றாவது நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பும் செயலிகள் சில இருந்தன.

அப்படியானால் குழாய் விளம்பரம் எங்கிருந்து வந்தது? நம் கதையில் வரும் அப்பா போன வாரம் கடைக்குப் போய்க் குழாய்க்கான சாமான் ஒன்று வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் "பில்லை மின்னஞ்சலில் அனுப்பட்டுமா?" என்று கேட்டிருப்பார்கள், முகவரியைக் கொடுத்திருப்பார். கனடாவின் தனியுரிமை ஆணையர் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஓர் அறிக்கை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. ஹோம் டிப்போ கடைகளில் மின்னஞ்சல் பில் கேட்டவர்களின் முகவரி, குறியீடாக மாற்றப்பட்டு, வாங்கிய விவரத்தோடு ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது. ஒருவர் தன் ஃபேஸ்புக் கணக்கை அழிக்கும்போது, தான் கடையில் நேரில் வாங்கிய பொருள்களின் குறிப்பு அங்கே கிடப்பதைக் கண்டு புகார் கொடுத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

அப்பாவின் கைபேசியும் மகளின் கைபேசியும் வீட்டில் ஒரே வைஃபையில் இருக்கின்றன. இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று ஊகிக்க அதுவே போதும். பேச்சு விளம்பரத்தைக் கொண்டுவரவில்லை. பேச்சு, விளம்பரம் இரண்டையும் கொண்டுவந்தது ஒழுகிய குழாய்.

ஒட்டுக் கேட்கவில்லை என்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. நாம் வாய் திறக்காதபோதும் நம்மைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். அந்த ஆள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க ஒரு காப்பிக் கடைக்குப் போவோம்.

காப்பிக் கடையின் கணக்கு

டிம் ஹோர்ட்டன்ஸ் இல்லாத கனடிய ஊரைக் காண்பது அரிது. ஹாக்கி வீரர் ஒருவரின் பெயரில் 1964-இல் ஹாமில்டன் நகரில் தொடங்கிய கடை. அதன் கைபேசிச் செயலியில் காப்பிக்கு ஆர்டர் கொடுக்கலாம், புள்ளிகள் சேர்க்கலாம். 2019-இல் அந்தச் செயலிக்குள் இருப்பிடத்தைக் கவனிக்கும் புதிய நிரல் ஒன்று நுழைந்தது. அதை எழுதியது ராடார் என்ற அமெரிக்க நிறுவனம். செயலியைப் பயன்படுத்தும்போது மட்டுமே இருப்பிடம் பார்க்கப்படும் என்ற எண்ணத்தைச் செயலி பயனர்களுக்குக் கொடுத்தது. உண்மையில் செயலியை மூடிவிட்டாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்பிடம் பதிவாகிக்கொண்டே இருந்தது.

ஃபைனான்ஷியல் போஸ்ட் இதழின் செய்தியாளர் ஜேம்ஸ் மெக்லியோட், கனடாவின் தனியுரிமைச் சட்டம் தரும் உரிமையின்படி, "என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரங்களைக் கொடுங்கள்" என்று நிறுவனத்திடம் கேட்டார். வந்த பதிலை வைத்து 2020 ஜூனில் அவர் எழுதிய கட்டுரை நாட்டை உலுக்கியது. ஐந்து மாதத்துக்கும் குறைவான காலத்தில் அவருடைய இருப்பிடம் 2,700 முறைக்கு மேல் பதிவாகியிருந்தது. வீடு, அலுவலகம் மட்டுமல்ல, விடுமுறைக்கு மொரோக்கோ போனதும் அதில் இருந்தது.

கூட்டாட்சித் தனியுரிமை ஆணையரும், கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களின் ஆணையங்களும் சேர்ந்து விசாரித்து 2022 ஜூன் 1 அன்று அறிக்கை கொடுத்தன. பயனர் போட்டிக் கடை ஒன்றுக்குள் நுழைந்தாலும் வெளியேறினாலும் ஒரு பதிவு. பெரிய விளையாட்டரங்குக்குப் போனால் ஒரு பதிவு. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் போனால் வந்தால் ஒவ்வொரு பதிவு. வீடு எது, வேலையிடம் எது என்று அந்தப் பயனர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மென்பொருளே கண்டுபிடித்துக்கொண்டது.

இந்த விவரங்களை வைத்து ஆளுக்கேற்ற விளம்பரம் அனுப்புவதுதான் நிறுவனத்தின் எண்ணமாக இருந்தது. அதை அது செயல்படுத்தவில்லை என்பதையும் அறிக்கை பதிவு செய்கிறது. மொத்தமாகத் தொகுத்து, மக்கள் வேறு கடைக்கு மாறுகிறார்களா என்பது போன்ற கேள்விகளுக்கு மட்டுமே பயன்படுத்தியது. விசாரணை தொடங்கியபின் 2020 ஆகஸ்டில் இடைவிடாத கண்காணிப்பை நிறுத்தியது. எனக்கு இதில்தான் அச்சம் கூடுகிறது. தேவையே இல்லாத ஒன்றுக்காக, எண்ணிய வேலைக்குப் பயன்படுத்தாமலே, மக்களின் நடமாட்டம் ஓராண்டுக்கும் மேல் சேர்க்கப்பட்டது. சேர்ப்பது அத்தனை மலிவாகிவிட்டது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கைபேசி

சொல்லாத வீட்டை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும்? கையால் செய்து பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு கைபேசியைக் கற்பனை செய்துகொள்வோம். உரிமையாளரின் பெயர் நமக்குத் தெரியாது. நம் கையில் இருப்பது மூன்று பத்தி கொண்ட ஓர் அட்டவணை: கைபேசியின் அடையாள எண், நேரம், இடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஒரு மணிக்கு 12, ஒரு நாளுக்கு 288. முப்பது நாளில் 8,640 வரிகள். ஒவ்வொரு வரியையும் மொன்றியல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தால் நகரெங்கும் சிதறிக் கிடக்கும். கோலத்தில் புள்ளிகளை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, எந்தப் புள்ளியை எதோடு இழுப்பது என்று அறிந்தவருக்கு முழுக் கோலமும் தெரியும். இங்கே இழுக்கும் கோடு நேரம்.

முதலில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரையுள்ள வரிகளை மட்டும் எடுப்போம். இரவுக்கு 60, முப்பது இரவுக்கு 1,800. அவற்றில் 1,740 புள்ளிகள் பார்க் எக்ஸ்டென்ஷனில், ஜான்-தலோன் தெருவுக்கு அருகே, ஒரே கட்டடத்தைச் சுற்றி விழுகின்றன. வீடு கிடைத்துவிட்டது. மீதி 60 புள்ளிகள்? அவை ஒரே இரவைச் சேர்ந்தவை, ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்கார்பரோவில். வார இறுதி. சொந்தக்காரர் வீட்டில் விசேஷமாக இருக்கலாம்.

அடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை பகல் நேரத்து வரிகள். அவை ஷபனெல் தெருவில் குவிகின்றன. மொன்றியலின் ஆடைத் தொழில் நெடுங்காலம் நடந்த தெரு அது. காலை ஏழரைக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்பும் இந்தக் கைபேசிக்காரர் அலுவலக அதிகாரியாக இருக்க வாய்ப்பு குறைவு, தையல் வேலை செய்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஓரளவு தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலைகளில் கைபேசி மேற்கே டொலார்-தே-ஓர்மோவுக்குப் போகிறது. அங்கே புள்ளிகள் திருமுருகன் கோயிலில் நிற்கின்றன. ஸ்கார்பரோ இரவையும் கோயில் மாலைகளையும் சேர்த்துப் பார்த்தால் தாய்மொழியும் சமயமும் ஏறத்தாழ உறுதி.

இப்போது எஞ்சிய புள்ளிகளுக்குள் ஒரு சிறு குவியல். மூன்று வார இடைவெளியில் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் வேலைக்குப் போகவில்லை. கோட்-செய்ன்ட்-கத்ரீன் சாலையிலுள்ள யூதப் பொது மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மூன்று வார இடைவெளி, நீண்ட நேரம், அதே கிழமை. புற்றுநோய்ச் சிகிச்சை பல நேரங்களில் இப்படித்தான் நடக்கும். இந்தப் பெண் (அல்லது ஆண்) தன் முதலாளியிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லியிருக்கவே மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவேளை நோயாளி அவரல்ல, அவருடைய தாயாக இருக்கலாம். அட்டவணைக்கு அது தெரியாது. ஊகம் தவறினாலும் ஏட்டில் ஏறியபின் அதைத் திருத்துவார் இல்லை.

கடைசிக் கேள்வி: இவர் யார்? அந்தக் கட்டடத்தில் நாற்பது குடும்பங்கள் இருக்கலாம். ஷபனெல் தெருவின் அந்தப் பட்டறைக்கு நூறு பேர் வேலைக்குப் போகலாம். ஆனால் அந்தக் கட்டடத்தில் உறங்கி, அந்தப் பட்டறையில் வேலை செய்பவர் எத்தனை பேர்? பெரும்பாலும் ஒருவர். கோயிலையும் சேர்த்தால் சந்தேகமே இல்லை. ஃபேஸ்புக்கில் ஒரு படம், தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு முகவரி, இவற்றில் ஒன்று கிடைத்தால் பெயரும் வந்துவிடும்.

இதை எண்ணால் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2013-இல் இவ்-அலெக்சாந்தர் தெ மோன்ஜுவாவும் அவருடைய சகாக்களும் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெயர்கள் நீக்கப்பட்ட பதிவுகள். இடமும் துல்லியமானதல்ல, எந்தக் கோபுரத்தோடு கைபேசி பேசியது என்ற அளவுக்குத்தான். அப்படியிருந்தும், ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கே நான்கு விவரங்கள் தெரிந்தால் நூற்றில் 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிட முடிந்தது. "பெயரை எடுத்துவிட்டோம், எண் மட்டும்தான் வைத்திருக்கிறோம்" என்று நிறுவனங்கள் சொல்லும் சமாதானத்துக்கு இந்த ஆய்வுக்குப் பின் மதிப்பில்லை. நம் நடமாட்டமே நம் பெயர்.

இதை வாசிக்கும் ஈழத்தமிழர் பலருக்கு விளக்கம் தேவைப்படாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரைத் தாக்க வீடு வீடாகத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. வாக்களிப்பதற்காகத் தொகுத்த பெயர்களும் முகவரிகளும் எந்த வீட்டுக்குத் தீ வைப்பது என்று காட்டின. அன்று பட்டியலைச் சேகரித்த எழுத்தர் எவரும் அந்த நோக்கத்தோடு சேகரிக்கவில்லை. சேகரித்தவரின் நோக்கம் பட்டியலோடு கூடவே போவதில்லை. விவரத்தைப் பற்றி நான் கொள்ளும் கவலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஏலத்தில் தோற்றவரும் பார்க்கிறார்

கைபேசி ஒவ்வொன்றுக்கும் விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. அட்வர்டைசிங் ஐடி என்பார்கள். நீளமான, பொருளற்ற எழுத்து-எண் கோவை. வெவ்வேறு செயலிகளில் நாம் செய்வதை ஒரே ஆளின் கணக்கில் சேர்க்க அது உதவுகிறது.

விளம்பரம் காட்டும் ஓர் இலவசச் செயலியைத் திறக்கிறீர்கள். திரை நிறைவதற்குள், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில், உங்கள் பார்வைக்கு ஏலம் நடந்து முடிகிறது. இன்ன அடையாள எண், இன்ன வகைக் கைபேசி, இன்ன ஊர், பல நேரங்களில் இன்ன இடம் என்ற குறிப்பு ஏராளமான நிறுவனங்களுக்குப் போகிறது. யார் அதிகம் கேட்கிறாரோ அவருடைய விளம்பரம் வருகிறது. ஆனால் தோற்ற நிறுவனங்களும் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டன. எடுத்து வைத்துக்கொள்ள நினைத்தால் தடுக்க ஆளில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் அட்டவணையை உருவாக்க ஒருவர் செயலி எழுதக்கூடத் தேவையில்லை, இந்தச் சந்தையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. ராடாரின் நிரல் காப்பிச் செயலிக்குள் இருந்ததுபோல, இருப்பிடத்தை விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தங்கள் நிரலைச் சிறு செயலிகளுக்குள் வைக்கப் பணம் கொடுக்கின்றன. தொழுகை நேரம் காட்டும் முஸ்லிம் ப்ரோ செயலியிலிருந்து இருப்பிட விவரம் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குப் போனதையும், எக்ஸ்-மோடின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளிக்கொணர்ந்தது. செயலி நிறுவனம் அந்தத் தொடர்பைத் துண்டித்தது. 2021 ஜூலையில் அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் மூத்த பாதிரியார் ஒருவர் பதவி விலகினார். சந்தையில் கிடைத்த இருப்பிட விவரத்தில், அவருடைய வீடும் அலுவலகமும் அமைந்த தடத்தைத் தேடி, ஒரு செய்தித்தளம் அவரது கைபேசியைக் கண்டுபிடித்திருந்தது. அங்கே எந்தக் கைபேசியும் உடைக்கப்படவில்லை. விளம்பரத்துக்காகச் சேர்த்த விவரமே உளவுக்கும் போதுமானதாக இருந்தது.

பொட்டலம் வருகிறது

கைபேசியை உடைத்து உள்ளே நுழைவதும் உண்டு. அதற்கான கருவிக்கு உளவு மென்பொருள், அதாவது ஸ்பைவேர் என்று பெயர். விளம்பர நிரல் நாம் கொடுத்த அனுமதியை மீறிப் பயன்படுத்துகிறது. உளவு மென்பொருளோ அனுமதியே கேட்பதில்லை. குறுஞ்செய்தி, புகைப்படம், மைக், கேமரா எல்லாம் எங்கோ இருக்கும் ஒருவரின் கைக்குப் போய்விடும். அம்மா சந்தேகப்பட்ட ஒட்டுக்கேட்டல் இங்கே உண்மையாகவே நடக்கிறது.

ஒமர் அப்துலஅசீஸ் சவூதி அரசை யூடியூபில் விமர்சித்துவந்த இளைஞர். 2014-இல் கனடாவில் அடைக்கலம் பெற்றவர், மொன்றியலிலிருந்து இயங்கியவர், கியூபெக் மாகாணத்தின் பிஷப்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2018 ஜூன் 23 அன்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. டி.எச்.எல். பொட்டலம் வருகிறது, விவரத்துக்கு இங்கே தட்டுங்கள். சில மணி நேரத்துக்கு முன்தான் அவர் இணையத்தில் ஒரு பொருள் வாங்கியிருந்தார். சந்தேகம் வரக் காரணமே இல்லை. இணைப்பின் முகவரியில் இருந்த பெயரோ ஞாயிற்றுக்கிழமைத் தள்ளுபடி விற்பனையை நினைவூட்டுவது. அந்த இணைப்பு வழியே வந்தது இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் செய்து அரசுகளுக்கு விற்கும் பெகாசஸ்.

நாள்தோறும் வரும் விளம்பரச் செய்திகளும் பொட்டல அறிவிப்புகளும் தட்டுவதை நமக்குப் பழக்கமாக்கிவிட்டன. அந்தப் பழக்கத்துக்குள் ஒளிந்துதான் உளவாளி வந்தான்.

அப்துலஅசீஸ், பத்திரிகையாளர் ஜமால் கஷோகியோடு நெருக்கமாகச் செய்தி பரிமாறிக்கொண்டிருந்தார். சவூதி அரசின் இணையப் பிரசாரத்தை எதிர்கொள்ள இருவரும் திட்டமிட்டிருந்தார்கள். 2018 ஆகஸ்டில் சவூதியில் இருந்த அவருடைய சகோதரர்களும் நண்பர்களும் கைது செய்யப்பட்டார்கள். அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லின் சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கஷோகி கொல்லப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அப்துலஅசீஸ் இஸ்ரேலில் என்.எஸ்.ஓ. மீது வழக்குத் தொடுத்தார். கொலையில் தன் மென்பொருளுக்குப் பங்கில்லை என்று அந்த நிறுவனம் மறுத்தது.

உளவாளியின் தடம்

தன் கைபேசி தாக்கப்பட்டதை அப்துலஅசீஸ் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகம் அவரைத் தேடி வந்தது. உலகம் முழுவதிலுமுள்ள கைபேசிகளுக்குள் இந்த ஒன்றை அது கண்டுபிடித்த விதம், இந்த அத்தியாயத்துக்கே மையமான செய்தி.

உளவு மென்பொருள் திருடியதை எங்காவது அனுப்பியாக வேண்டும். அதைப் பெறும் கணினிக்கு இணையத்தில் ஒரு பெயர் இருக்கும். ஒரு கைபேசி அந்தப் பெயரை நாடும்போது, அதன் எண் முகவரி என்ன என்று தன் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர்த்தேடல் கணினியிடம் முதலில் கேட்கும். அந்தக் கணினி கண்டறிந்த விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும், அடுத்து யாராவது கேட்டால் உடனே சொல்வதற்காக. பில் மார்சாக்கும் சகாக்களும் பெகாசஸ் கணினிகளின் பெயர்களைத் திரட்டிக்கொண்டு, உலகெங்குமுள்ள பெயர்த்தேடல் கணினிகளிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: "இந்தப் பெயர் உன் நினைவில் இருக்கிறதா?" இருக்கிறது என்றால், அந்தச் சேவையில் இருக்கும் யாரோ ஒருவரின் கைபேசி சற்றுமுன் அதைக் கேட்டிருக்கிறது. இந்த முறையில் 45 நாடுகளில் தொற்று இருக்கலாம் என்று 2018 செப்டம்பரில் வெளியிட்டார்கள். இந்தியா அதில் ஒன்று.

கியூபெக்கில் கிடைத்த ஒரு தடயம் விசித்திரமாக இருந்தது. சவூதியோடு தொடர்புடைய ஒரு பெகாசஸ் கணினியின் பெயரை வீட்டு இணையச் சேவை ஒன்று கேட்கிறது, பிறகு பல்கலைக்கழக வலையமைப்பு ஒன்று கேட்கிறது, மறுபடி வீடு. தொற்றிய கைபேசியின் சொந்தக்காரர் வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போய்வருகிறவர். கியூபெக்கில் வாழும், சவூதி அரசை விமர்சிக்கும், பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆள் யார்? விசாரித்துப் போனபோது ஒருவருடைய அன்றாடம் அந்தத் தடத்தோடு பொருந்தியது. அவரது குறுஞ்செய்திகளைத் தேடினார்கள், பொட்டல அறிவிப்பு அகப்பட்டது. 2018 அக்டோபர் 1 அன்று அறிக்கை வெளியானது. கஷோகி துணைத் தூதரகத்துக்குள் போவதற்கு முந்தைய நாள்.

பார்க் எக்ஸ்டென்ஷன் கைபேசியை நாம் கண்டுபிடித்ததும் இதே வழிதான். வீடு ஒன்று, போகும் இடம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரே ஒரு மனிதர். பாதிரியாரைக் காட்டிக்கொடுத்த தர்க்கம் அப்துலஅசீசை எச்சரிக்கவும் உதவியது. முறை ஒன்றுதான். யார் கையில் இருக்கிறது, அவரைக் கேள்வி கேட்க யாருக்கு அதிகாரம் உண்டு என்பதுதான் வேறுபாடு.

அந்த அதிகாரம் தமிழ்நாட்டில் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஜூலையில் பன்னாட்டு ஊடகங்கள் சேர்ந்து வெளியிட்ட, பெகாசசுக்கு இலக்காகியிருக்கலாம் என்று கருதப்பட்ட எண்களின் பட்டியலில் அரசியல் தலைவர் சீமான், செயற்பாட்டாளர் திருமுருகன் காந்தி ஆகியோரின் எண்களும் இருந்ததாகச் செய்தி வந்தது. எண் பட்டியலில் இருப்பது கைபேசி தாக்கப்பட்டதற்குச் சான்று ஆகாது. இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று குழுவால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஒன்றிய அரசு விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே சொன்னார். கேள்வி அங்கேயே நிற்கிறது.

மொன்றியல் முன்பே முயன்றது

உளவு அரசுகள் செய்யும் வேலை, அதுவும் எங்கோ தூர தேசத்து அரசுகள் செய்யும் வேலை என்று நினைக்கவேண்டாம். மொன்றியல் காவல்துறையே 2016-இல் லா ப்ரெஸ் இதழின் பத்தி எழுத்தாளர் பாட்ரிக் லகாசேயின் ஐபோனைக் கண்காணிக்க 24 நீதிமன்ற ஆணைகள் பெற்றிருந்தது. அவர் யாரோடு பேசுகிறார் என்பதை அறியவும் கைபேசி இருக்கும் இடத்தைப் பின்தொடரவும் அனுமதி. காவல்துறைக்குள் அவருக்குச் செய்தி தருபவர் யார் என்று கண்டுபிடிப்பது நோக்கம். விஷயம் வெளிவந்ததும் மாகாண அரசு விசாரணை ஆணையம் அமைத்தது, நாடாளுமன்றம் 2017-இல் செய்தியாளர்களின் மூலங்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது.

இதே நகரம் எதிர்ப்பக்கத்திலும் நின்றிருக்கிறது. ஆஸ்டின் ஹில்லும் அவரது குடும்பத்தாரும் 1997-இல் மொன்றியலில் ஜீரோ-நாலெட்ஜ் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999 டிசம்பரில் ஃப்ரீடம் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நாம் இணையத்தில் அனுப்புவதைப் பல அடுக்காகப் பூட்டி, பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பும். ஒவ்வொரு கணினிக்கும் தனக்கு முன்னவரும் பின்னவரும் மட்டுமே தெரியும், அனுப்பியவரையும் பெறுபவரையும் சேர்த்து அறிந்தவர் நடுவில் எவரும் இருக்கமாட்டார். புனைபெயரில் உலாவலாம். நிறுவனத்துக்கே தன் வாடிக்கையாளர் என்ன செய்கிறார் என்று தெரியாது, ஜீரோ-நாலெட்ஜ் (ஏதும் அறியாமை) என்ற பெயரும் அதனால்தான். போதிய பேர் பணம் கொடுத்து வாங்கவில்லை. 2001 அக்டோபரில் அந்தச் சேவை நின்றது. இதே பாதையில் பின்னால் வந்த டோர் மென்பொருள் இலவசமானது, இன்றும் வாழ்கிறது.

தனியுரிமையை விலை கொடுத்து வாங்கும் பொருளாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ரீடம் ஒரு பாடம். பணம் கொடுக்க முடிந்தவருக்கு ஒரு வாழ்க்கை, முடியாதவருக்கு வேறு வாழ்க்கை என்று இதைப் பிரிக்கக்கூடாது. ஷபனெல் தெருவின் தையல் தொழிலாளிக்கும் அது பிறப்புரிமையாக வேண்டும். அதற்குச் சட்டம்தான் வழி.

எழுதிக் கேளுங்கள்

டிம் ஹோர்ட்டன்ஸ் விவகாரத்தில் கூட்டாட்சி ஆணையருக்கு அபராதம் விதிக்கும் அதிகாரமே இல்லை. வாடிக்கையாளர்கள் போட்ட கூட்டு வழக்குகளுக்கு 2022 ஜூலையில் ஓர் உடன்பாடு முன்வைக்கப்பட்டது: ஆளுக்கு ஒரு சூடான பானம், 6.19 டாலர் மதிப்பு. அதோடு ஒரு தின்பண்டம், 2.39 டாலர் மதிப்பு. ஒரு மனிதரின் வீடு, வேலையிடம், பயணம் எல்லாவற்றையும் எடுத்ததற்கு இது ஈடு அல்ல, அவமதிப்பு.

கியூபெக் அதற்குமுன்பே விழித்துக்கொண்டிருந்தது. 2021 செப்டம்பரில் நிறைவேறிய, சட்டம் 25 என்று அறியப்படும் திருத்தம் மூன்று கட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பர் 22 முதல், ஒருவரை அடையாளம் காணும், இருப்பிடம் அறியும், குணநலன் கணிக்கும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் நிறுவனம் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். அதை எப்படி இயக்குவது என்பதையும் சொல்லவேண்டும். அதாவது நாம் இயக்கும்வரை அது அணைந்திருக்கவேண்டும். மீறினால் நிர்வாக அபராதம் ஒரு கோடி டாலர் அல்லது உலக வருமானத்தில் 2 விழுக்காடு வரை போகலாம். நீதிமன்றத் தண்டனையாக இரண்டரைக் கோடி அல்லது 4 விழுக்காடு வரை. வட அமெரிக்காவின் கடுமையான தனியுரிமைச் சட்டங்களில் இது ஒன்று. இலங்கை 2022-லும் இந்தியா 2023-லும் இத்துறையில் சட்டம் இயற்றியிருக்கின்றன.

கைபேசியில் செய்ய வேண்டியவை சிலவே. செயலிகளுக்கு இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். வானிலைச் செயலிக்கு உங்கள் தெரு வரை தெரியவேண்டியதில்லை, துல்லிய இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம், ஐபோனில் செயலிகள் பின்தொடரக் கேட்பதையே தடுக்கலாம். மென்பொருளைப் புதுப்பிக்கும்படி கைபேசி கேட்கும்போது தள்ளிப்போடாதீர்கள், பெகாசஸ் போன்றவை நுழையும் ஓட்டைகள் அப்படித்தான் அடைபடுகின்றன. பொட்டல அறிவிப்பு வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தட்டாமல், பொருள் வாங்கிய தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

ஆனால் நான் உங்களிடம் முதன்மையாகக் கேட்பது வேறொன்று. நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு கடையின் செயலியைத் தேர்ந்தெடுங்கள். அந்த நிறுவனத்துக்குப் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரி எழுதுங்கள்: என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், என் இருப்பிடம் அதில் உண்டா, யாருக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள். கியூபெக் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் மாகாணத்தின் தகவல் அணுகல் ஆணையத்திடம் முறையிடலாம். 2,700 புள்ளிகளை வெளியே கொண்டுவந்தது அப்படி எழுதிக் கேட்ட ஒரு கேள்விதான். அதைக் கேட்கச் செய்தியாளராக இருக்கவேண்டியதில்லை, உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. இந்த வாரமே எழுதுங்கள்.